கோடை நாடக முகாமுக்குப் பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: செய்யாறு வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பக்கத்து நகரில் ஒரு நாடகக் குழு, மே மாதத்தில் ஆறு நாள் பகல் முகாம் நடத்துகிறது. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு முடியும். ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான 17 பிள்ளைகளை அழைத்துச் செல்கிறேன். அங்கே போய்த் திருதிருவென்று விழிக்காமல் இருக்க, ஒரு சிறு நாடகத்தை இப்போதே மனப்பாடம் செய்ய வைக்கலாமா? வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவியும், திக்கிப் பேசும் ஒரு மாணவனும் இதில் இருக்கிறார்கள். அவர்களை அனுப்புவது சரியா? "கூத்தாடியாக்கப் போறீங்களா?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். என்னென்ன கொடுத்தனுப்ப வேண்டும், நான் கூடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நாடகத்தை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். மற்ற கேள்விகளுக்கு நிலைமையைப் பொறுத்துப் பதில் மாறலாம், இதற்கு மாறாது. பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு அரங்கப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்றும் தெரியாமல் வந்து விழித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையோடு வேலை செய்வது எளிது. வசனத்தை உருப்போட்டுக்கொண்டு வரும் பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கையசைவு பழகியிருக்கும், வாக்கியத்தின் கடைசியில் பள்ளி ஆண்டு விழாவுக்கே உரிய அந்த இழுவை வந்துவிடும், எதிரில் நிற்பவர் என்ன பேசுகிறார் என்பதைக் கேட்காமல் தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும். முகாமின் முதல் நாள் முழுவதும் அதைக் கழற்றுவதிலேயே போய்விடும்.

நாடகம் கற்பது என்றால் வசனத்தைப் பாடம் கேட்டு ஒப்புவிப்பது என்று நாம் எண்ணுவதற்கு ஒரு வரலாறு உண்டு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற, சிறுவர்களே நடிக்கும் பாலர் சபைகளில், அவர்கள் குழுவோடு ஊர் ஊராகச் சென்று, அதோடு தங்கி, பாட்டையும் வசனத்தையும் வாத்தியாரிடம் வரிவரியாகப் பாடம் கேட்டார்கள். பின்னாளில் புகழ்பெற்ற நாடக நடிகரான, 1912 இல் பிறந்த டி.கே.சண்முகம் அந்தச் சபையில் சேர்ந்தபோது அவருக்குச் சுமார் ஆறு வயதுதான். அந்த முறை பெரும் நடிகர்களை உருவாக்கியதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது ஒரு தொழிற்பயிற்சி. ஆண்டுக்கணக்கில், கடுமையான கட்டுப்பாட்டோடு, அன்றைய மேடைக்குத் தேவையான ஆட்களை உருவாக்குவதற்காக நடந்தது. நீங்கள் அனுப்புவது ஆறு பகல்கள் நடக்கும் ஒரு முகாமுக்கு. அங்கே பிள்ளைகள் நடிகர்களாகத் திரும்பப் போவதில்லை. அப்படி ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

இன்று குழந்தைகளுக்கான நாடக வகுப்புகளில் பெரும்பாலும் நடப்பது விளையாட்டுதான். அமெரிக்காவின் சிகாகோ நகரில், குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த, வெவ்வேறு மொழி பேசும் குழந்தைகளோடு 1930களின் இறுதியில் வேலை செய்த வயோலா ஸ்போலின், பேச்சை நம்பியிராமல் கவனத்தையும் உடலையும் கற்பனையையும் தூண்டும் அரங்க விளையாட்டுகளை வகுத்தார். பின்னாளில் உலகெங்கும் பரவிய அந்த முறையில் நல்லது கெட்டது என்று நடிப்பைப் பிரிப்பதற்கு இடமில்லை. விளையாட்டின் விதி ஒன்று இருக்கும், அதைக் காப்பாற்றும் முயற்சியிலேயே குழந்தை தன்னை மறந்து நடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே நீங்கள் முன்கூட்டிப் பழக்க வேண்டியவை மூன்றுதான்: வட்டமாக நிற்பது, அடுத்தவர் செய்வதைக் கவனிப்பது, தவறினால் கூச்சப்படாமல் திரும்பச் சேர்ந்துகொள்வது. இவை வராத பிள்ளைக்கு முகாமின் முதல் இரண்டு நாள்களும் வேதனையாகவே கழியும்.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் விடுமுறை தொடங்கிவிடும் என்பதால் உங்களுக்கு அதிக நாள் கிடைக்காது. மாலையில் இருபது நிமிடம் வீதம் நான்கைந்து முறை கிடைத்தாலே போதுமானது. முதலில் வட்டமாக நிற்க வைத்து, ஒவ்வொருவரும் தம் பெயரை ஓர் அசைவோடு சொல்லவும், மற்ற அனைவரும் அதே பெயரை அதே அசைவோடு திருப்பிச் சொல்லவும் செய்யுங்கள். அடுத்த முறை இருவர் இருவராக எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் மெதுவாக அசைய, மற்றவர் கண்ணாடியில் தெரியும் உருவம் போல அதையே செய்யட்டும். இதில் வேகமாக அசைந்து எதிராளியை ஏமாற்றுவது வெற்றியாகாது என்பதை ஆரம்பத்திலேயே தெளிவுபடுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பையன்கள் இதையும் போட்டியாக்கிவிடுவார்கள். பிறகு கூடம் முழுவதும் ஒருவர் மீது ஒருவர் மோதாமல் நடப்பது, கைதட்டல் கேட்டதும் அப்படியே உறைந்து நிற்பது, பேசாமல் சைகையாலேயே மளிகைக் கடையில் புளியும் மண்ணெண்ணெயும் கேட்டு வாங்குவது, ஆளுக்கொரு வாக்கியமாகக் கதையை வளர்த்துக்கொண்டு போவது ஆகியவற்றைச் செய்யலாம். ஒரு குடம் தண்ணி ஊத்தி, பூப்பறிக்க வருகிறோம் போன்ற விளையாட்டுகளைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்கள். கேள்வியும் பதிலுமாகப் பாடி ஆடும் அந்த விளையாட்டுகளில் கூட்டுக்குரலும், முறை அறிந்து பேசுவதும், மேடையில் முன்னேறிப் பின்வாங்கும் அசைவும் எல்லாமே இருக்கின்றன. அவற்றை ஆடவிடுங்கள், அது போதும்.

இந்தப் பயிற்சிகளின்போது நீங்கள் பயன்படுத்தும் சொற்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். "அருமையா நடிச்சே" என்று ஒரு பிள்ளையைப் பாராட்டினால், மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் அவனைப் போலவே செய்வார்கள். "நீ அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய்" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இன்னொன்று: தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்த்த நகைச்சுவை நடிகர்களைப் பிள்ளைகள் அச்சாகச் செய்து காட்டுவார்கள், அதைக் கண்டிக்கவும் வேண்டாம், கைதட்டி வளர்க்கவும் வேண்டாம். அதற்குப் பதிலாக, உங்கள் பகுதிப் பிள்ளைகளிடம் உள்ள ஒரு செல்வத்தைக் கேட்டு வாங்குங்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் எப்படி உள்ளே வருகிறான், திரைக்குப் பின்னால் நிற்கும் வேடம் தன்னை எப்படி அறிமுகம் செய்துகொள்கிறது, துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளத்தில் ஊரே எப்படி நடந்துகொள்கிறது என்று செய்து காட்டச் சொன்னால், வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளை எழுந்து வருவதை நீங்கள் காண்பீர்கள்.

இதிலிருந்தே பெற்றோர் சொல்லும் மறுப்புக்கு வருகிறேன். "கூத்தாடி" என்ற சொல்லில் சாதியும் வறுமையும் கலந்த பழைய இழிவு இருக்கிறது என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். புரிசை உங்கள் செய்யாற்றுப் பக்கம்தான் இருக்கிறது. அவ்வூர்த் தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான், 1977 இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந.முத்துசாமி போன்ற நவீன நாடகக்காரர்களோடு சேர்ந்து இயங்கி, தமிழ் நாடகத்தின் போக்கையே பாதித்தவர். இதையெல்லாம் பெற்றோரிடம் சொல்லலாம். ஆனால் இதைச் சொல்லித்தான் அவர்களை வழிக்குக் கொண்டுவர முடியும் என்று நான் நம்பவில்லை. அந்தக் கேள்வியின் அடியில் பெரும்பாலும் இருப்பது வேறு கவலை. பெண் பிள்ளையை யார் கூட்டிப் போவார்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்பும், படம் எடுத்து எங்காவது போட்டுவிடுவார்களா, படிப்பு கெடுமா என்பவையே அவை. ஆகவே கலையின் பெருமையைப் பற்றி வாதாடாமல், போக்குவரத்து, நேரம், உடன் வரும் ஆசிரியை, கழிப்பறை வசதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். மாலை விளையாட்டுக்கு ஒரு நாள் அவர்களையும் வரச் சொல்லி, ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தம் பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடுவதைப் பார்த்த பிறகும் மறுப்பவர்கள் குறைவு. அப்படியும் மறுத்தால் விட்டுவிடுங்கள். பெற்றோரின் மனக்குறையோடு வரும் பிள்ளை ஆறு நாளும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். "தன்னம்பிக்கை வரும், மதிப்பெண் கூடும்" என்றெல்லாம் மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு நாளில் அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வகுப்பில் பேசாத மாணவியைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டில், தங்கச்சியோடு, தெருவில் விளையாடும்போது அவள் பேசுகிறாளா? வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை பள்ளியில் மட்டும் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் பேசாமல் இருந்தால், அது வெறும் கூச்சமாகவோ பிடிவாதமாகவோ இல்லாமல் பதற்றத்தால் வரும் ஒரு நிலையாக இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுவது நல்லது, முகாம் அதற்கு மாற்றாகாது. சாதாரணக் கூச்சம் என்றால் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அவளுக்கு நெருக்கமான ஒரு தோழியும் வருவதை உறுதி செய்துகொண்டு, முதல் இரண்டு நாள் அந்த இருவரையும் ஒரே குழுவில் வைக்கும்படி பயிற்சியாளரிடம் சொல்லிவையுங்கள். "இவ பேசவே மாட்டா சார்" என்று அவள் காதுபட அறிமுகம் செய்துவிடக் கூடாது. அப்படி ஒரு பெயரோடு உள்ளே நுழைந்தால் அதை நிரூபிப்பதே அவளுடைய வேடமாகிவிடும். மழையோசையும் தவளைச் சத்தமும் எழுப்புவது, தாளம் போடுவது, ஒரு துணியைக் கொண்டு ஆறாகவும் பாம்பாகவும் செய்து காட்டுவது போன்ற வேலைகள் முகாமில் நிறையவே இருக்கும். பேச்சு வராதவளுக்கு ஆறுதலாகத் தந்த வேலைகளாக அவை தெரியக் கூடாது. நன்றாகப் பேசும் பிள்ளைகளும் அவற்றைச் செய்தால் அந்த எண்ணமே எழாது. இதைப் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆறாம் நாளும் அவள் பேசாமலே திரும்பினால் முகாம் வீணாகிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

திக்கிப் பேசும் மாணவனை அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும் என்றே சொல்வேன். அவன் விருப்பத்தைக் கேட்ட பிறகு. திக்குபவர்களில் பலருக்குப் பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் திக்கல் குறைவதைப் பேச்சுப் பயிற்சியாளர்கள் அறிவார்கள். கூட்டுக்குரலும் பாட்டும் நிறைந்த நாடகப் பயிற்சி அந்த வகையில் அவனுக்கு இடம் கொடுக்கும். இதை மருத்துவமாக எடுத்துக்கொண்டு, திக்கல் சரியாகிவிடும் என்று அவனிடமோ பெற்றோரிடமோ சொல்லிவிடாதீர்கள். உங்கள் மாலைப் பயிற்சிகளிலேயே மற்ற பிள்ளைகளுக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்துங்கள்: யார் பேசினாலும் முடிக்கும் வரை காத்திருப்பது, சொல்லை எடுத்துக்கொடுக்காமல் இருப்பது. "மெதுவா பேசு, மூச்சு விட்டுப் பேசு" என்று நாம் அன்போடு சொல்வதுகூட, எல்லாரும் தன் வாயையே பார்க்கிறார்கள் என்பதை அவனுக்கு நினைவூட்டும். பயிற்சியாளரிடம் தனியாகப் பேசும்போது ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: நம் மேடையிலும் திரையிலும் திக்குவாயை நகைச்சுவைக்குப் பயன்படுத்தும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது, அப்படி ஒரு பாத்திரம் அவனுக்கோ வேறு பிள்ளைக்கோ கொடுக்கப்படவே கூடாது.

இனி முகாம் நடத்துபவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியவை. கடைசி நாளில் மேடை நிகழ்ச்சி உண்டா என்று முதலில் கேளுங்கள். ஆறு நாள் முகாமில் கடைசி நாள் ஒரு முழு நாடகம் என்றால், மூன்றாம் நாளிலிருந்தே ஒத்திகை தொடங்கிவிடும்; நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் மரமாகவும் படைவீரர்களாகவும் வெயிலில் நிற்பார்கள். பிள்ளைகள் விளையாடிய விளையாட்டுகளையே பெற்றோர் முன்னிலையில் விளையாடிக் காட்டும் திறந்த வகுப்பு எனக்கு உகந்தது. நிகழ்ச்சி உண்டு என்றே அவர்கள் சொன்னால், 17 பேருக்கும் வேலை இருக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து, பயிற்சியாளர்களில் பெண்கள் எத்தனை பேர், பிள்ளைகளோடு ஒருவர் மட்டும் மூடிய அறையில் தனியாக இருக்க நேருமா, உடை மாற்ற எங்கே இடம், படமும் காணொளியும் எடுப்பார்களா, எடுத்தால் எங்கே வெளியிடுவார்கள் என்பவற்றைத் தயங்காமல் கேளுங்கள். நல்ல குழுவினர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

நாடக விளையாட்டுகளில் கையைப் பிடிப்பதும், கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் தோளைத் தொட்டு நடப்பதும் வரும். எந்த விளையாட்டிலும் "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லி ஓரமாக உட்காரும் உரிமை உண்டு, அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி, உங்கள் பயிற்சியிலேயே இரண்டொரு முறை அப்படிச் சொல்லிப் பார்க்கவும் வையுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் மறுப்புச் சொல்லிப் பழக்கமே கிடையாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பள்ளியில் எழுதப்பட்டிருக்கும். அது முகாமிலும் பயன்படும் என்று நினைவூட்டுங்கள்.

உடை, உணவு விஷயத்தில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்து, படுத்து, உருண்டு எழத்தக்க பழைய பருத்தி உடை. பெண் பிள்ளைகளுக்குப் பாவாடையைவிடச் சுடிதார் நல்லது, துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடலாம். சீருடை வேண்டாம், அதைப் போட்டதும் முதுகு விறைத்து, பதில் சொல்ல எழுந்து நிற்கத் தொடங்கிவிடுவார்கள். கண்ணாடி வளையல், கொலுசு, தங்கத் தோடு எதுவும் வேண்டாம். நகத்தை வெட்டி, தலைமுடியைப் பின்னிக் கட்டி, ஒரு துண்டு, தண்ணீர்ப் புட்டி, பெயர் எழுதிய பை ஆகியவற்றோடு அனுப்பினால் போதும். ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்காக நாப்கினும் மாற்றுடையும் உங்கள் பையில் இருக்கட்டும். யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அவர்களிடம் சொல்லிவையுங்கள். ஆஸ்துமா, வலிப்பு போன்றவை யாருக்காவது இருந்தால் எழுதிக் கொடுத்து, மருந்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முகத்தில் வண்ணம் பூசுவார்கள் என்றால், முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்துவிட்டு மறுநாள் முகத்தில் பூசச் சொல்லுங்கள்.

உணவில் ஒன்றுதான் முக்கியம். பள்ளி நாள்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டத்திலும், எல்லாருக்கும் மதியச் சத்துணவிலும் சாப்பாடு கிடைத்துவிடுகிறது. விடுமுறையில் அது இல்லை. பெற்றோர் விடியலில் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து, பத்தரை மணிக்கு மயங்கி உட்காரும். பயிற்சியாளர் அதை ஆர்வமின்மை என்று நினைத்துக்கொள்வார். பேருந்து ஏறும் முன் ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இல்லை என்பவருக்காக வாழைப்பழமும் கடலை மிட்டாயும் கையில் இருக்கட்டும். கத்திரி வெயிலில் தயிர் சோறு மதியத்துக்குள் புளித்துவிடும். புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் பாரதத் திருவிழா நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். இரவெல்லாம் கூத்துப் பார்த்த பிள்ளை மறுநாள் முகாமில் நின்றுகொண்டே தூங்கும். அதைத் திட்டிப் பயனில்லை, பயிற்சியாளரிடம் சொல்லி ஒரு மூலையில் படுக்க வைப்பதே சரி. மூன்றாம் நாள் பல பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், அது கத்தி விளையாடியதன் விளைவு. வெந்நீர் கொடுத்து, அன்று மாலை முழுவதும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கூடத்தில் இருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் நாள் அரை மணி நேரம் முன்னதாகப் போய், பிள்ளைகள் கூடத்தைச் சுற்றிப் பார்க்கவும், கழிப்பறையும் தண்ணீரும் எங்கே என்று தெரிந்துகொள்ளவும் விடுங்கள். முதல் விளையாட்டு முடியும் வரை உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆனால் வளாகத்தை விட்டுப் போகாதீர்கள். ஆசிரியர் உள்ளே இருக்கும்வரை பிள்ளைகள் ஒவ்வொரு செயலுக்கும் உங்கள் முகத்தைப் பார்த்து அனுமதி தேடுவார்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு, பயிற்சியாளர் அனுமதித்தால், ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பதைவிட வட்டத்தில் ஓர் ஆளாகச் சேர்ந்துகொள்ளுங்கள். மாலையில் பேருந்தில் திரும்பும்போது "உனக்கு என்ன வேஷம் கொடுத்தாங்க?" என்று கேட்காமல், இன்று ஆடியதில் எந்த விளையாட்டை ஜூன் மாதம் நம் வகுப்பில் ஆடலாம் என்று கேளுங்கள், அவர்கள் சொல்வதை அன்றன்றே குறித்துவைத்துக்கொண்டால், பள்ளி திறந்ததும் முகாமுக்கு வர முடியாத மற்ற பிள்ளைகளுக்கு இந்த 17 பேரே அவற்றைச் சொல்லிக்கொடுப்பார்கள்.